ராக்கு கிண்ணங்களுக்குப் பின்னால் இருக்கும் சிந்தனை எது?

கேள்வி – களிமண்:

வணக்கம். மூன்று ஆண்டுகளாகச் சுடுமண் கலை பயின்று வருகிறேன். சென்ற மாதம் ஒரு பட்டறையில் முதன்முறையாக ராக்கு முறையில் சுட்டோம். தணலாய்ச் சிவந்திருந்த கிண்ணத்தை நீண்ட இடுக்கியால் சூளையிலிருந்து எடுத்து, மரத்தூள் நிரப்பிய தகரப் பீப்பாயில் இட்டு மூடினோம். ஆறிய பிறகு கரியைத் தேய்த்துக் கழுவியபோது, கண்ணாடிபோல் படியும் வெள்ளை கிளேஸ் பூச்சின்மேல் சிலந்தி வலையைப் போலக் கறுப்புக் கோடுகள் பரவியிருந்தன. அந்தக் கிண்ணத்தை மேசையிலிருந்து எடுக்க இன்னும் மனம் வரவில்லை. ஆனால் ராக்கு கலைஞர்கள் தங்கள் படைப்புகளைப் பற்றி எழுதும் குறிப்புகளைத் தேடிப் படித்தால், நெருப்பிடம் ஒப்படைத்துவிடுவது, தற்செயலை ஏற்பது என்ற இரண்டு எண்ணங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. இந்தக் கலை பிறந்த இடத்திலும் ஊக்கமாக இருந்தது இதுதானா?

மறுமொழி – தணல்:

நீங்கள் செய்து பார்த்ததும் ஜப்பானின் கியோத்தோவில் பிறந்ததும் பெயரால் ஒன்று, முறையால் வேறு. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தேநீர்ச் சடங்கின் பேராசானாகிய சென் நோ ரிக்யூ (1522–1591) தம் மனத்திலிருந்த கிண்ணத்துக்கு உருவம் தர சோஜிரோ என்ற குயவரை நாடினார். சோஜிரோ கூரை ஓடுகளும் செய்தவர். 1574ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட அவருடைய சிங்க உருவ ஓடு இன்றும் இருக்கிறது.

அந்தக் காலத்தில் சீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்த கிண்ணங்களுக்கே மதிப்பு அதிகம். ஆட்சியாளர் தொயோத்தோமி ஹிதேயோஷி பொன்னால் இழைத்த தேநீர் அறையே வைத்திருந்தார். ரிக்யூ அமைத்ததாகக் கருதப்படும் தையான் அறையோ இரண்டே பாய் விரிக்கும் அளவுதான். மங்கிய ஒளியில், ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்கும் அந்த இடத்தில், கண்ணைப் பறிக்காத, ஒளியைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும் ஒரு கிண்ணம் தேவைப்பட்டது. சோஜிரோவின் கருங்கிண்ணத்தில் ஓவியமில்லை, பளபளப்புமில்லை. அதற்குள் பச்சைத் தேநீர் மட்டுமே நிறமாக நிற்கிறது. சக்கரத்தில் சுற்றாமல் உள்ளங்கைகளால் எழுப்பியதால், ஏந்துகிறவரின் கை, செய்தவரின் கை பதிந்த இடத்திலேயே பதிகிறது. நுண்துளைகள் கொண்ட அந்த மண் சூட்டை மெல்லவே கைக்குக் கடத்துகிறது. ஆகவே அங்கே ஊக்கம் நெருப்பிலிருந்து வரவில்லை, கையிலிருந்தும் அறையிலிருந்தும் வந்தது என்பதே என் கருத்து. கருங்கிண்ணங்களையும் தணலாக இருக்கும்போதே இடுக்கியால் வெளியே எடுக்கிறார்கள், சிலவற்றில் இடுக்கியின் தழும்புகூட உண்டு. ஆனால் மரத்தூளும் புகையும் அங்கே கிடையாது; திறந்த வெளியில் சட்டென ஆறுவதால்தான் அந்தக் கருமை கூடுகிறது.

மறுமொழி – சூளையடி:

புகையின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. ஆங்கிலேயரான பெர்னார்ட் லீச் 1911இல் தோக்கியோவில் ஒரு விருந்தில் ராக்கு சுடுவதைக் கண்டு குயவரானவர். 1940இல் வெளிவந்த அவருடைய நூலைப் படித்துவிட்டு, 1960இல் கலிபோர்னியாவில் நடந்த கைவினைச் சந்தை ஒன்றில் அமெரிக்கக் குயவர் பால் சோல்ட்னர் செயல்விளக்கம் செய்தார். வந்த நிறம் அவருக்கு நிறைவு தரவில்லை. சூடான பாண்டத்தை அருகில் உதிர்ந்து கிடந்த இலைகளில் உருட்டினார். புகை ஏறியது, புதிய வழி பிறந்தது. உங்கள் கிண்ணத்தில் ஓடும் கோடுகள் அந்த வழியில் வந்தவைதாம். உள்ளிருக்கும் மண்ணைவிட கிளேஸ் அதிகமாகச் சுருங்குவதால் விரிசல் விழுகிறது, கரி அதில் புகுந்து தங்குகிறது.

ஆகவே தற்செயலைப் பேசும் கலைஞர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் மரபில் அது உண்மையான அனுபவம். ரிக்யூவின் பெயரைச் சொல்லிக்கொண்டு அதைப் பேசும்போதுதான் குழப்பம் வருகிறது.

களிமண்:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் சோஜிரோவின் வழிவந்த கியோத்தோ ராக்குக் குடும்பம் இன்றும் அவருடைய கிண்ணத்தையே திரும்பச் செய்துகொண்டிருக்கிறதா?

மறுமொழி – தணல்:

இல்லை, எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான். அந்தக் குடும்பத்தில் பின்வரும் தலைமுறைகளுக்கென மண்ணைத் தோண்டிச் சேமித்து வைப்பார்கள், ஆனால் கிளேஸ் கலவையைத் தந்தை மகனுக்குச் சொல்லித் தருவதில்லை. ஒவ்வொருவரும் தமக்குரியதைத் தாமே கண்டடைய வேண்டும். 1949இல் பிறந்து, சிற்பக்கலை பயின்று, 1981இல் குடும்பத் தலைவருக்குரிய பெயரோடு பதினைந்தாம் கிச்சிசாயெமோனாகப் பொறுப்பேற்றவரின் கிண்ணங்களைப் படத்திலாவது பாருங்கள். கத்தியால் சீவிய கூரிய விளிம்புகளும், கருமைக்குள்ளிருந்து கசியும் மஞ்சளும் சிவப்பும், மழையில் அரிக்கப்பட்ட பாறையை நினைவூட்டும். சோஜிரோவின் அமைதி அவற்றில் இல்லை. ஆயினும் அவை இரண்டு கைகளுக்குள் அடங்கும் தேநீர்க் கிண்ணங்களே. அந்த எல்லையை அவர் மீறவில்லை. ஷிகா மாகாணத்திலுள்ள சாகாவா கலை அருங்காட்சியகத்தில், 2007இல் திறக்கப்பட்ட தம் காட்சிக்கூடத்தை அவரே வடிவமைத்து, நீர்ப்பரப்புக்கு அடியில் அமைத்திருக்கிறார். மங்கிய ஒளியில் கிண்ணத்தைக் காணவேண்டும் என்ற அக்கறை அங்கேயும் தொடர்கிறது.

களிமண்:

அடுத்த கிண்ணத்தைச் சக்கரமின்றிச் செய்து பார்க்க விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

மறுமொழி – சூளையடி:

அடை போலத் தட்டையாக மண்ணைத் தட்டிக்கொண்டு, விளிம்பை இரு உள்ளங்கைகளாலும் சிறிது சிறிதாக மேலே எழுப்புங்கள். சுவர் தடிமனாகவே இருக்கட்டும். ஈரம் பாதி வற்றியதும் கத்தியால் உள்ளும் புறமும் சீவி மெலிதாக்கலாம். திடீர்ச் சூட்டைத் தாங்க, சுட்ட மண்ணின் பொடியைக் களிமண்ணோடு கலக்க மறவாதீர்கள்.

ஒவ்வொரு சீவலுக்குப் பிறகும் கண்ணை மூடிக்கொண்டு கிண்ணத்தைக் கையில் ஏந்திப் பாருங்கள். எங்கே இன்னும் கனமாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.