நடவுக்கு ஆள் வராததற்கு நூறு நாள் வேலைதான் காரணமா?

தாளடி (கல்லூரி மாணவி, திருவாரூர் பக்கம்)

போன வாரம் எங்கள் வகுப்பில் சமூகப் பிரச்சினைகள் பற்றிப் பேச்சு வந்தது. "டெல்டாவில் நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்களே, நம் ஆட்கள் எங்கே போனார்கள்?" என்று ஆசிரியர் கேட்டார். பின் பெஞ்சிலிருந்து உடனே பதில் வந்தது: "நூறு நாள் வேலை வந்து எல்லாரும் சோம்பேறி ஆயிட்டாங்க சார்." வகுப்பே தலையாட்டியது. என் அம்மா நடவு ஆள். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நூறு நாள் வேலைக்கான ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005இல் வந்தது. அதன்படி நூறு நாள் என்பது ஒரு ஆளுக்கு இல்லை, ஒரு குடும்பத்துக்கு. அதுவும் முழுசாகக் கிடைத்த வருஷம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. நாற்பது நாள், மிஞ்சிப்போனால் ஐம்பது நாள். மீதி முந்நூறு நாளும் அம்மா என்ன செய்தார் என்று வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை.

அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் நாற்றுப்பறி, நடவு, இரண்டு களை, அறுப்பு, களத்தில் கதிரடிப்பு, அப்புறம் உளுந்து, பயறு என்று வேலை இருந்ததாம். அறுப்புக்குச் செயின் வண்டி என்கிற அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. களைக்கு மருந்து அடிக்கிறார்கள். பாதி வயலில் நேரடி விதைப்பு. மிஞ்சியது நடவு மட்டும்தான், அதுவும் போகத்துக்குப் பதினைந்து நாள். அந்தப் பதினைந்து நாளுக்காக வருஷம் பூராவும் ஒருத்தி கூப்பிடு தூரத்தில் காத்திருக்க வேண்டுமா?

கடைமடை விவசாயி

தங்கச்சி, உங்க அம்மாவைச் சோம்பேறின்னு நான் சொல்ல மாட்டேன். என் பக்கத்தையும் கொஞ்சம் கேளு.

எனக்கு ஒன்பது மா, அதாவது மூணு ஏக்கர். கோயில் நிலம், குத்தகை. நிலம் என் பேர்ல இல்லாததால மத்திய அரசு விவசாயிக்கு வருஷத்துக்குத் தர்ற பிஎம் கிசான் ஆறாயிரமும் கிடையாது. 2024ல மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12ல திறக்கலை, ஜூலை 28லதான் திறந்தாங்க. வாய்க்கால் முடியற கடைமடைக்குத் தண்ணி வந்து சேர்ந்தப்போ சுத்துப்பட்டு ஊர் எல்லாத்துக்கும் ஒரே வாரத்துல ஆள் வேணும். முத்தின நாத்து தூர் கட்டாது, பக்கத்துல கிளை விடாது. ஐப்பசி மழைக்கு முன்னாடி பயிர் வேர் பிடிச்சு எழும்பலைன்னா வயல்ல தண்ணி நின்னு அழுகிடும்.

தெருத்தெருவா ஆள் கேட்டேன். "இன்னிக்கு நூறு நாள் வேலைல வாய்க்கா வெட்டக் கையெழுத்து போட்டாச்சு, நாளைக்குப் பாப்போம்"னாங்க. அப்படியே மூணு நாள் போச்சு. என் நாத்துக்கு அன்னிக்கு நாப்பது நாள். நாலாம் நாள் வங்காளத்து ஆளுங்க இருபது பேர் வந்து பொழுது சாயறதுக்குள்ள மூணு ஏக்கரையும் முடிச்சுக் கொடுத்தாங்க. நான் வேற என்ன பண்ணியிருக்கணும்?

மன்னார்குடியான்

அண்ணன் சொல்றதுதான் நிஜம். ரேஷன்ல அரிசி சும்மா கிடைக்குது. நூறு நாள் வேலைல மண்ணைக் கிளறிட்டு மரத்தடில உக்காந்தா காசு வருது. அப்புறம் யார் சேத்துல இறங்குவா? நடவு, அறுப்பு சீசன்ல அந்த வேலையை நிறுத்தி வைக்கணும்.

வெண்ணாறு (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

நிறுத்தச் சொல்பவர், நிறுத்தினால் கூலியை யார் முடிவு செய்வார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த மண்ணில் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. ஒரே குடிசைக்குள் 44 பேர், பெண்களும் குழந்தைகளுமாக எரிந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான், 1969இல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

நூறு நாள் வேலை முதல் கட்டமாக 2006இல் தொடங்கிய மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. எங்கள் ஊரில் அது வந்த பிறகுதான் "இந்தக் கூலிக்கு வர முடியாது" என்று சொல்லும் தைரியம் பெண்களுக்கு வந்தது. 2024இல் அறிவித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். கையில் வந்தது அதற்கும் குறைவு. அவ்வளவு சின்னத் தொகையே நம் விவசாயத்தை ஆட்டம் காண வைக்கிறது என்றால், அதற்கு முன்பு நாம் கொடுத்துவந்த கூலி என்ன கூலி?

கடைமடை விவசாயி

ஐயா, பெரிய நிலக்காரரான மிராசுதாரையும் என்னையும் ஒரே தராசுல வைக்காதீங்க. எங்க அப்பாவே பண்ணையாளா இருந்தவர்தான். வெண்மணியை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

கூலி கூடக் கொடுக்க எனக்கு மனசு இல்லாம இல்லை. போன வருஷம் அரசு நெல் கொள்முதல் நிலையத்து வாசல்ல ஒன்பது நாள் நெல்லைக் கொட்டி வெச்சுக் காவல் காத்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலன்னு திருப்பிவிட்டாங்க. காயவெச்சா ராத்திரி மழை. அந்த ஒன்பது நாளுக்கு எனக்கு யார் கூலி கொடுத்தா? கடன் வாங்கிக் கூலி கொடுக்கிறவன்கிட்டயே எல்லாரும் நியாயம் பேசறீங்க.

தாளடி

அண்ணே, அந்த ஒன்பது நாளைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. வகுப்பில் இதையும் யாரும் பேசவில்லை. உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. "சோம்பேறி" என்ற அந்த ஒரு வார்த்தையோடுதான் சண்டை. மூன்று நாளில் உங்களுக்கு ஆள் கிடைக்காமல் போனதற்கு மேட்டூர் தாமதமும் காரணம் என்று நீங்களே சொல்கிறீர்கள். பழி மட்டும் வாய்க்கால் வெட்டப் போன பெண்கள் மேல் ஏன் விழ வேண்டும்?

மன்னார்குடியான்

அப்ப வடக்கன் வந்து ஊரையே பிடிச்சுக்கட்டும்னு விட்டுடலாமா? நாளைக்கு நம்ம பசங்களுக்கு இங்க எதுவுமே மிஞ்சாது.

தாளடி

தயவுசெய்து அந்தப் பேர் வைத்துக் கூப்பிடாதீர்கள். எங்கள் ஊருக்கு வந்த குழு போர் செட்டுக் கொட்டகையில் படுத்திருந்தது. ஒரே ஒரு பல்பு, படுதா விரிப்பு. அதில் என் வயசுப் பையன் ஒருவன். நாத்து, தண்ணி, சோறு, இவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த தமிழ். முர்ஷிதாபாத் என்று ஊர் பேர் சொன்னான். கால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். அம்மா வீட்டிலிருந்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் வேலையைப் பறித்ததாக நீங்கள் சொல்லும் பையனுக்கு.

வெண்ணாறு

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி மலாயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவர். அவர் போன இடத்திலும் அவருக்கு ஒரு பேர் வைத்திருப்பார்கள்.

கடைமடைக்காரருக்கு ஒரு கேள்வி. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு 1979இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஐந்து பேரோ அதற்கு மேலோ அழைத்து வரும் ஒப்பந்தக்காரர் உரிமம் வாங்க வேண்டும் என்று அது சொன்னது. உங்கள் வயலில் நட்ட இருபது பேரின் பேராவது தெரியுமா?

கடைமடை விவசாயி

தெரியாது ஐயா. ஏஜென்ட் கையிலதான் பணத்தைக் கொடுத்தேன். அதுல அவங்களுக்கு எவ்வளவு போச்சுன்னும் கேக்கலை. கேட்டிருக்கணும்.

தங்கச்சி, நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. அடுத்த குறுவை நடவுக்குப் பத்து நாள் முன்னாடியே சொல்லி அனுப்பறேன், கூலியையும் முன்னாடியே பேசிக்கலாம். உங்க தெருவுல நடறதுக்கு இப்ப எத்தனை பேர் இருக்காங்க? உனக்கு நடத் தெரியுமா?

தாளடி

அம்மாவிடம் கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். எட்டுப் பேர். அதில் சின்னவருக்கே நாற்பத்தொரு வயசு.

எனக்கு நடத் தெரியாது அண்ணே. சின்ன வயசில் ஒருநாள் நாற்று முடியை எடுத்துக்கொண்டு அம்மா பின்னாலேயே சேற்றில் இறங்கினேன். அம்மா ஓடி வந்து முதுகில் ஒரு அடி வைத்து வரப்பில் ஏற்றிவிட்டார். நேற்று அதை ஞாபகப்படுத்தி, இப்போது கற்றுக்கொடுங்கள் என்றேன். பரீட்சைக்குப் படி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.