புது ஜெட் ஸ்கீ: ஆர்பிஎம் ஏறுது, வண்டி இழுக்கல. கழுவுற முறையிலும் குழப்பம்

அரியமான்கரை:
வணக்கம். உச்சிப்புளி பக்கம் அரியமான்ல குடும்பமா கயாக் விட்டுக்கிட்டு இருக்கோம். இந்த சீசனுக்குப் புதுசா யமஹா விஎக்ஸ் ஜெட் ஸ்கீ (தண்ணி மேல ஓடுற பைக்) ஒண்ணு எடுத்திருக்கோம். 1049 சிசி, மூணு சிலிண்டர். ஓட ஆரம்பிச்சு ஒரு வாரம்கூட ஆகல.

நேத்து மதியத்துலேருந்து கரையை விட்டுக் கிளம்பும்போது த்ராட்டிலை அழுத்தினா இன்ஜின் சத்தம் ஓங்குது, ஆர்பிஎம் (இன்ஜின் சுத்துற வேகம்) ஏறுது, ஆனா வண்டி முன்ன மாதிரி பாயல. சீட்டுக்கு அடியில லேசா ஒரு நடுக்கம். பக்கவாட்டுல பீச்சுற தண்ணியும் மெலிஞ்ச மாதிரி தெரியுது. ரிவர்ஸ் போட்டு எடுத்துப் பார்த்தோம், மாற்றம் இல்ல.

இன்னொண்ணு. கடல்ல ஓட்டிட்டு வந்ததும் நல்ல தண்ணி விட்டு உள்ளே கழுவணும்னு சொன்னாங்க. டெலிவரி கொடுக்க வந்த பையன் "முதல்ல பைப்பைத் திறந்துட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க"ன்னான். இங்க படகு இன்ஜின் பார்க்கிற அண்ணன் அதுக்கு நேர்மாறாச் சொல்றார். யார் சொல்றது சரி? பெட்ரோல் பங்குல கேன்ல பிடிக்கிற சாதா பெட்ரோல்தான்.

பம்ப்மெக்கானிக்:
தம்பி, அடியில பார்க்காம வண்டியை மறுபடி தண்ணியில இறக்காதீங்க. நீங்க சொல்ற அடையாளம் அத்தனையும் ஜெட் பம்ப் (அடியில தண்ணியை உறிஞ்சிப் பின்னாடி பீச்சி வண்டியைத் தள்ளுறது) வாய் அடைச்சிருக்குன்னுதான் காட்டுது. பம்புக்குள்ள தண்ணி போதுமானதா வராதப்ப உள்ள இருக்கிற விசிறி, அதான் இம்பெல்லர், காத்தும் நுரையுமாச் சுத்தும். அதனாலதான் ஆர்பிஎம் ஏறியும் இழுவை வரல.

விஎக்ஸ் இன்ஜின் குளிர்றதும் அதே பம்ப் தள்ளுற கடல்தண்ணியிலதான். பக்கவாட்டுப் பீச்சல் மெலிஞ்சா இன்ஜினுக்குப் போற தண்ணியும் குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம். அப்படியே ஓட்டினா அலாரம் அடிக்கும், அதையும் மீறினா இன்ஜின் சூடேறிக் கெட்டுடும்.

ரிவர்ஸ் போட்டா சிக்கினதைத் துப்பிடும்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. இந்த வண்டியில இம்பெல்லர் எப்பவும் ஒரே பக்கம்தான் சுத்தும். ரிவர்ஸ்ல பின்னாடி ஒரு மூடி இறங்கி, வர்ற தண்ணியை முன்பக்கமாத் திருப்பி விடும், அவ்வளவுதான். உள்ள சிக்கினது உள்ளேயேதான் இருக்கும்.

டிராலியில ஏத்துங்க. இன்ஜினை நிறுத்தி, கில் சுவிட்ச் (இன்ஜினை உடனே அணைக்கிறது) கயிறைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்ட பிறகுதான் அடியில கை வைக்கணும். பம்ப் வாய்ல இருக்கிற கம்பி கிரில் வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க. தங்கூசி (மீன் பிடிக்கிற நைலான் நரம்பு) சுத்தியிருந்தா பிடிச்சு இழுக்காதீங்க, கத்தியால வெட்டி வெட்டி எடுங்க. அப்புறம் இம்பெல்லர் இலை ஓரத்தை விரலால தடவுங்க. மடிப்போ வெட்டோ தட்டுப்பட்டாலும், சுத்தி இருக்கிற வளையத்துல ஆழமான கீறல் தெரிஞ்சாலும் போட்டோ போடுங்க. இலைக்கும் வளையத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி கொஞ்சம் கூடினாலே இழுவை போயிடும்.

வடகடல்:
நானும் நம்ம பக்கம்தான். அரியமான்ல கரையோரம் ஆழம் கம்மி, கடல்புல் அடர்த்தி. ஆள் ஏறின பிறகு வண்டிக்கு அடியில 60 சென்டிமீட்டராவது தண்ணி நிக்கணும்னு யமஹா கையேடே சொல்லுது. முழங்கால் தண்ணியில ஸ்டார்ட் பண்ணினா மணலும் சிப்பியும் புல்லும் சேர்ந்து உள்ள போகும். இடுப்பளவு தண்ணி வரை கையால தள்ளிட்டுப் போய் அங்க ஸ்டார்ட் பண்ணுங்க.

புல் திட்டுக்கு மேல வேகம் வேண்டாங்க. வண்டிக்காக மட்டும் சொல்லல. கடல்பசுவும் ஆமையும் மேயுற இடம் அது. கடல்பசுவுக்காகவே 2022-ல பாக் விரிகுடாவில, தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமா அறிவிச்சாங்க. நம்ம கரை அந்த எல்லைக்குள்ள வராது, ஆனா கடல்பசுவுக்கு எல்லைக்கோடு தெரியாது. மூச்சு விட மேல வந்துதான் ஆகணும். தென்கடல் பக்கம் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவோட 21 தீவு இருக்கு, அங்க இந்த வண்டியோட போகவே கூடாது.

ஈசிஆர்மெரைன்:
கழுவுற விஷயத்துல உங்க ஊர் அண்ணன் சொன்னதுதான் சரி. இன்ஜின் ஓடாதப்ப ஹோஸைத் திறந்தா, தண்ணி எக்ஸாஸ்ட்ல நிரம்பி இன்ஜினுக்குள்ளயே திரும்பி ஏறிடும். சிலிண்டருக்குள்ள தண்ணி போச்சுன்னா செலவு எங்கேயோ போயிடும்.

ஹோஸை மாட்டி ரெடியா வெச்சுக்கங்க. ஸ்டார்ட் பண்ணின உடனே தண்ணியைத் திறங்க. தண்ணி இல்லாம கரையில 15 செகண்டுக்கு மேல ஓடக்கூடாது. 3 நிமிஷம் த்ராட்டிலை அழுத்தாம ஐடில்ல விடுங்க. முடிக்கும்போது முதல்ல தண்ணியை மூடுங்க, பிறகு 10, 15 செகண்ட் த்ராட்டிலை விட்டு விட்டு அழுத்தி மிச்சத் தண்ணியைத் துப்ப வெச்சுட்டு இன்ஜினை நிறுத்துங்க. பின்னாடி இருக்கிற ரெண்டு டிரெயின் பிளக்கையும் (தண்ணி வடியுற ஓட்டையோட மூடி) கழட்டி, மூக்கைத் தூக்கி நிறுத்தி உள்ள தேங்கினதை வடிய விடுங்க. சீட்டை எடுத்துட்டு உள்ள நல்லா காய விடணும். திரும்ப இறக்கும்போது பிளக் மாட்டியிருக்கான்னு ஒருத்தர் பார்த்தது போதாது, ரெண்டு பேர் பாருங்க.

பெட்ரோல்தான் எனக்குக் கவலை. இப்ப பங்குல வர்ற சாதா பெட்ரோல் இ20, அதாவது 20% எத்தனால். இந்த இன்ஜினுக்கு 10% வரைதான் அனுமதி. எத்தனால் ஈரத்தை இழுக்கும், கடற்காத்துல கேன்ல நாள்கணக்கா வெச்சா அடியில தண்ணியாப் பிரிஞ்சு நிக்கும். இந்தியன் ஆயில் எக்ஸ்பி100-ல எத்தனால் கலக்கறதில்ல. விலை கூட, எல்லா பங்குலயும் கிடைக்காது, ஆனாலும் தேடிப் பிடிங்க. அது கிடைக்கிற வரைக்கும் அன்னன்னைக்குத் தேவையானதை மட்டும் வாங்கி ஊத்துங்க.

புது வண்டி, 10 மணி நேரம் ஓடினதும் முதல் சர்வீஸ். ஆயில் மாத்துறதைத் தள்ளிப் போடாதீங்க.

அரியமான்கரை:
எல்லாருக்கும் நன்றி. டிராலியில ஏத்திப் பார்த்தோம். கிரில்ல ஒரு கைப்பிடி புல் நாராப் பின்னிக் கிடந்துச்சு, அதுக்கு உள்ள இம்பெல்லரைச் சுத்த வைக்கிற தண்டை (ஷாஃப்ட்) சுத்திப் பச்சை நைலான் கயிறு, முழங்கை நீளம் இருக்கும். வெட்டி எடுத்தாச்சு. இலை ஓரம் வழவழன்னு இருக்கு, வளையத்துல நகத்துக்கு மாட்டுற அளவு கீறல் எதுவும் இல்ல. இடுப்பளவு தண்ணியில இறக்கி ஓட்டினோம். நடுக்கம் போயிடுச்சு, பீச்சலும் பழையபடி வருது.

வாடைக்காத்து மாசங்கள்ல இங்க கடல் கொந்தளிப்பு, வண்டி கொட்டகையிலதான் நிக்கும். அதுக்கு என்ன பண்ணணும்?

பம்ப்மெக்கானிக்:
நல்ல சேதி. கொட்டகையில நிறுத்துறதுக்கு முன்னாடி சொன்ன முறைப்படி கழுவிக் காய வெச்சு, இன்ஜின்மேல துரு தடுக்கிற ஸ்பிரே அடிங்க. பிரஷர் வாஷர் தண்ணியை இன்ஜின் பக்கம் காட்டாதீங்க, கனெக்டருக்குள்ள பூந்துடும். பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ள வெச்சு அப்பப்ப சார்ஜ் ஏத்துங்க. டிராலி சக்கரத்து பேரிங்குக்கும் கிரீஸ் வைங்க, உப்புத்தண்ணி அதைத்தான் முதல்ல தின்னும். எலி வராம எக்ஸாஸ்ட் வாயைத் துணியால அடைச்சா, அந்தத் துணியைப் பத்தி ஹேண்டில்ல ஒரு சீட்டு எழுதிக் கட்டிடுங்க.