கலைச்சொல் உதவி: டிமென்ஷியா, மீன் எண்ணெய், தடுப்பு

செ. (சென்னை):

அனைவருக்கும் வணக்கம். முதியோர் நலக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டால் டிமென்ஷியா வராமல் தடுக்கலாமா என்று கேட்கும் பக்கத்தில் சிக்கி நிற்கிறேன். டிமென்ஷியாவுக்கு மறதிநோய், முதுமை மறதி, அறிதிறன் இழப்பு எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றன. எதைப் போடலாம்?

க. (மதுரை):

அன்புள்ள செ., இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் தேட வேண்டும்? 'நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும்' என்று 605ஆம் குறளிலேயே மறவி இருக்கிறது. முதுமை சேர்த்து 'முதுமறவி' என்று பண்புத்தொகையாக்குங்கள். நோய் என்ற ஒட்டும் தேவைப்படாது. டிமென்ஷியா என்று அப்படியே எழுதுவது மட்டும் வேண்டாம்.

ம. (திருநெல்வேலி):

ஐயா, அழகான சொல்தான். ஆனால் அந்தக் குறளில் மறவி சோம்பலோடும் தூக்கத்தோடும் சேர்த்து, கெட்டுப்போகிறவர்களின் குணமாகச் சொல்லப்படுகிறது. நோயாளியின் மேல் பழி போடுவதுபோல் ஆகிவிடும். முதுமை என்ற சொல்லும் வேண்டாம் என்பேன். 'வயசானா மறதி வரத்தானே செய்யும்' என்று வீட்டில் விட்டுவிட்டு, முற்றிய பிறகு அழைத்து வருகிறார்கள். 65 வயதுக்கு முன்பும் இது வருகிறது. அலோய்ஸ் அல்சைமர் 1901இல் பிராங்க்பர்ட்டில் பார்த்த நோயாளிக்கு 51 வயதுதான்.

இன்னொன்று, மறதி ஓர் அறிகுறி மட்டுமே. சிலருக்கு முதலில் பேச்சு தடுமாறும். சிலருக்குப் பணம் எண்ண வராது, தெரிந்த தெருவில் வழி தவறும், குணமே மாறும். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகையில் தொடக்கத்தில் நினைவு ஓரளவு நன்றாகவே இருக்கும். அதனால் என் வாக்கு அறிதிறன் இழப்புக்கு.

சி. (யாழ்ப்பாணம்):

எங்கட ஊரில் இதற்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு. 'அப்புவுக்கு அறளை பெயர்ந்துபோச்சு' என்பார்கள். வெறும் மறதி இல்லை, ஆளே தடுமாறிப்போனதைச் சொல்வது. மருத்துவர் ம. கேட்கிற பொருள் முழுவதும் அதில் இருக்கிறது. 'அறளைநோய்' என்று ஏன் வைக்கக்கூடாது?

ப. (பெங்களூரு):

சி. அண்ணா, இங்கே கன்னடத்தில் அறுபது வயதானால் 'அரளு மருளு' என்று ஒரு சொல்வழக்கு இருக்கிறது, ஏறக்குறைய இதே பொருளில். அறளையும் அரளுவும் ஒரே வேராக இருக்குமோ?

க.:

நல்ல கேள்வி. பழங்கன்னடத்தில் றகரம் இருந்து, பின்னால் ரகரத்தோடு கலந்துவிட்டது. ஆகவே எழுத்து வேறுபாடு ஒரு தடை இல்லை. ஆனால் அரளுதலும் மருளுதலும் தமிழிலேயே உண்டே. 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பதில் இருப்பது அரளுதல். மருட்கை தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று. அங்கே வியப்பு, இங்கே மயக்கம். இந்த வழியில் போனால் 'முதுமருள்' கிடைக்கிறது.

ம.:

மன்னிக்கவும், வேர் எதுவாக இருந்தாலும் அறளையும் மருளும் வேண்டாம். ஜப்பானில் இந்த நோய்க்கு மடமை என்ற பொருள் தொனிக்கும் பழைய சொல் இருந்தது. அது இழிவுபடுத்துகிறது என்று 2004இல் அரசே அதை மாற்றி, அறிதல் தொடர்பான நோய் என்ற பொருளில் புதுச்சொல் கொண்டுவந்தது. அறளையை நம் ஊர்களில் திட்டுவதற்கும் சொல்வார்கள்தானே, சி.?

சி.:

ஓம், திட்டவும் சொல்வார்கள். ஆனால் அன்போடும் சொல்வார்கள். அச்சில் ஏற்றி மரியாதை கொடுத்தால் சொல் மாறும் என்பது என் எண்ணம்.

வி. (நாகர்கோவில்):

நான் மருந்தாளுநர். நீங்கள் ஒரு சொல்லிலேயே நிற்கிறீர்கள், எனக்கு மீன் எண்ணெய்தான் கவலை. ஈரலிலிருந்து எடுப்பது மீன் ஈரல் எண்ணெய். அதில் வைட்டமின் ஏ, டி இரண்டும் நிறைய, அளவு மீறினால் ஏ கெடுதல். மத்தி, நெத்திலி போன்ற மீன்களின் உடலிலிருந்து எடுப்பதுதான் ஒமேகா 3 என்ற கொழுப்பமில மாத்திரைக்கான எண்ணெய். கடையில் இரண்டையும் 'மீன் மாத்திரை' என்றே கேட்கிறார்கள். கையேட்டிலாவது பிரித்து எழுதுங்கள்.

க.:

மீன் எண்ணெய் என்பதே எனக்கு உறுத்துகிறது. எள் + நெய் எண்ணெய் ஆனது. மீனுக்கு ஏது எள்? பொருநராற்றுப்படை 'தேனெய்யொடு கிழங்கு மாறியோர் மீனெய்யொடு நறவு மறுகவும்' என்கிறது. தேனும் கிழங்கும் கொடுத்து மீன் நெய்யும் கள்ளும் வாங்கிப் போகிறார்கள். நற்றிணை 175இல் பரதவர் கிளிஞ்சலில் மீன் நெய் ஊற்றி விளக்கு எரிக்கிறார்கள். ஒமேகா கிரேக்கத்தின் கடைசி எழுத்து. கொழுப்பமிலத்தின் ஈற்றிலிருந்து எண்ணினால் மூன்றாம் கரி (கார்பன்) அணுவில் இரட்டைப்பிணைப்பு தொடங்குகிறது. ஆக 'ஈற்று மூன்று'. இலக்கணத்தில் ஈற்றயல், அதாவது கடைசிக்கு முந்தையது, படித்தவர்களுக்கு இது புரியாதா?

வி.:

ஐயா, புட்டியில் ஒமேகா 3 என்றுதான் அச்சடித்திருக்கிறது. வாங்குகிறவர் எதைப் பார்த்து ஒப்பிடுவார்?

ம.:

செ.வுக்கு நாள் நெருங்குகிறது, பொருளுக்கு வருவோம். மீன் சாப்பிடுகிறவர்களிடம் டிமென்ஷியா குறைவு என்று சில மக்கள்தொகை ஆய்வுகள் காட்டின. மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தபோது அப்படி நடக்கவில்லை. பிரான்ஸில் 70 வயதுக்கு மேற்பட்ட 1,680 பேரிடம் மூன்று ஆண்டு நடத்திய ஆய்வு 2017இல் வந்தது. ஒமேகா 3 எடுத்தவர்களின் நினைவாற்றல் சரிவு குறிப்பிடும்படி குறையவில்லை. நோய் வந்துவிட்டவர்களுக்கும் அப்படியே: அமெரிக்காவில் 402 பேருக்கு 18 மாதம் டிஹெச்ஏ என்ற ஒமேகா 3 வகையைக் கொடுத்தும் சரிவு மெதுவாகவில்லை என்று 2010இல் வெளியானது. லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் டிமென்ஷியாவுக்கு நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சொன்னது. ரத்த அழுத்தம், காது கேளாமை, புகைப்பழக்கம் எல்லாம் அதில் இருக்கின்றன, மீன் எண்ணெய் இல்லை. எனவே தலைப்பில் 'தடுக்கும்' என்று தொனிக்கவே கூடாது. காது சோதனைக்குப் போக வேண்டிய பணத்தை மாத்திரைக்குச் செலவழிக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும்.

செ.:

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு மறதிநோயையே எடுத்துக்கொள்கிறேன், ஏற்கெனவே காதில் விழுந்த சொல் என்பதால். முதல் இடத்தில் 'டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்', அப்புறம் மறதிநோய் மட்டும். மீன் எண்ணெய், மீன் ஈரல் எண்ணெய், ஒமேகா 3 அப்படியே. தலைப்பு: 'மீன் எண்ணெய் மாத்திரை மறதிநோயைத் தடுக்கிறதா? ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை.' காலையில் அனுப்பிவிடுகிறேன்.

க.:

சரி. மீனெய்யை மட்டும் சொல்லடைவில் ஓர் ஓரத்தில் சேர்த்துவிடுங்கள். டிமென்ஷியா முதலில் நிற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ம.:

எனக்கு மறதிநோயில் உடன்பாடு இல்லை. அதைத்தான் போடுவீர்கள் என்றால், அடுத்த வரியிலேயே பேச்சுத் தடுமாற்றத்தையும் குணமாற்றத்தையும் எழுதிவிடுங்கள் செ., பின்பக்கத்துக்குத் தள்ள வேண்டாம்.