வேர்ட்ஸ்டார் (பழைய எழுத்துச் செயலி), பிளாப்பி (கோப்புகளைச் சேமிக்கும் காந்த வட்டு) காலத்தில் ஆய்வு செய்தவர்களே, இன்னும் மனதை விட்டுப் போகாத அனுபவம் எது?

சிக்மா:
வேர்ட்ஸ்டார் தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள், நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வேட்டின் ஓர் இயலை வேறு துறைப் பேராசிரியரிடம் பிளாப்பியில் கொடுத்தேன். அவரிடம் வேர்ட்ஸ்டார் இல்லை. அந்நாளைய இயங்குதளமான டாஸில், கோப்பை அப்படியே திரையில் காட்டும் டைப் கட்டளை கொடுத்துத் திறந்தார்.

திரையில் ஓடியதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏறக்குறைய எல்லாச் சொல்லிலும் கடைசி எழுத்து மட்டும் வேறு ஏதோ. 'இ' என்ற ஆங்கில எழுத்தில் முடிய வேண்டிய சொற்கள் கிரேக்கச் சிக்மாவில் முடிந்தன. "என் கணினியில் சரியாகத்தான் இருக்கிறது" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் நம்பிக்கையே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஆங்கில எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி முறையில் ஓர் எழுத்துக்கு 7 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) போதும், ஆனால் 8 பிட் கொண்ட பைட்டில்தான் அது சேமிக்கப்படும். சும்மா கிடந்த 8ஆவது பிட்டை, வரிகளின் ஓரத்தைச் சமன் செய்யும் வேலைக்காக, சொல்லின் கடைசி எழுத்தில் அடையாளமாக ஏற்றி வைத்தது வேர்ட்ஸ்டார். அந்த பிட்டின் மதிப்பு 128. அதனால் 101 என்ற எண் கொண்ட 'இ' 229 ஆகிவிடும். ஐபிஎம் பிசியின் எழுத்து அட்டவணையில் 229 என்பது சிக்மா.

களப்பணி:
எனக்கு மறக்காதது 1.2 எம்பி பிளாப்பி டிரைவ். 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியோடு வந்ததே, அதேதான். நண்பர் ஒருவர் தன் களத்தரவு இருந்த 360 கேபி பிளாப்பியில், புதிய ஏடியில் உட்கார்ந்து சில திருத்தங்கள் செய்து சேமித்தார். கருத்தரங்கில் இருந்ததோ ஏடிக்கு முந்தைய எக்ஸ்டி கணினி. பிளாப்பியைப் போட்டதும் டிரைவ் கரகரவென்று தேடியது, பிறகு 'நிறுத்தவா, மறுபடி முயலவா' என்ற அந்தக் கேள்வி. அவர் மறுபடி, மறுபடி என்று அழுத்திக்கொண்டே இருந்தார். அரங்கில் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

கணினி மையத்தில் கேட்டதற்கு "டிஸ்க் மட்டமானது" என்று முடித்துவிட்டார்கள். டிஸ்கில் ஒரு குறையும் இல்லை. புது டிரைவில் தரவை எழுதிப் படிக்கும் தலை மெல்லியது. பழைய அகலத் தடத்தின் நடுவில் மட்டும் எழுதும், ஓரங்களில் பழைய தரவு அப்படியே நிற்கும். எக்ஸ்டியின் அகலத் தலை இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பிப்போகும்.

கெர்மிட் பக்தன்:
சிக்மா, வேர்ட்ஸ்டாரைக் குறை சொல்வது நியாயமில்லை. அதிலேயே நான்-டாக்குமென்ட் முறை என்று ஒன்று இருந்தது. அதில் எழுதினால் சுத்தமான ஆஸ்கி கிடைக்கும்.

என் கதை சின்னது. இரைச்சல் மிகுந்த தொலைபேசி இணைப்பில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிறந்த கெர்மிட் என்ற கோப்பு அனுப்பும் நிரலை வைத்து மெயின்ஃப்ரேம் என்ற பெருங்கணினிக்கு ஒரு கட்டுரையை ஏற்றினேன். பொட்டலம் பொட்டலமாகச் சரிபார்த்து, கெட்டதை மட்டும் திரும்ப அனுப்பி, ஒரு வழியாக முழுதும் போய்ச் சேர்ந்தது. அந்த எண்கள் திரையில் ஏறியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பழைய 5.25 அங்குல பிளாப்பி வைத்திருப்பவர்களுக்கு: தவறி எதுவும் எழுதப்படாமல் இருக்க, முதலில் ஓரத்திலுள்ள எழுதுதடுப்புப் பள்ளத்தில் ஒட்டுத்தாள் ஒட்டுங்கள். பூஞ்சை படிந்திருந்தால் டிரைவில் போடவே போடாதீர்கள், தலையையும் கெடுக்கும், அடுத்த டிஸ்கையும் கெடுக்கும். கோப்புகளை ஒவ்வொன்றாக நகலெடுக்க வேண்டாம். முழு டிஸ்கின் பிம்பத்தையும், அதாவது அச்சு அசலான நகலை ஒரே கோப்பாக, முதலில் எடுத்துவிடுங்கள். காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்யும் கிரீஸ்வீசில் போன்ற பலகைகள் இருக்கின்றன. படிக்காத தடத்தை உடனே கைவிடாமல் சில முறை படித்துப் பாருங்கள். வேர்ட்ஸ்டார் கோப்பா? ஒவ்வொரு பைட்டிலும் 8ஆவது பிட்டை நீக்கினாலே பெரும்பகுதி வாசிக்கக் கிடைக்கும். ஆனால் மூலத்தைத் தொடாதீர்கள், நகலில் செய்யுங்கள். களப்பணி, உங்கள் நண்பர் புத்தம்புது பிளாப்பியை ஏடியிலேயே 360 கேபியாக ஃபார்மேட் செய்து எழுதியிருந்தால் எக்ஸ்டி பெரும்பாலும் படித்திருக்கும்.

மேற்கோடு:
கெர்மிட் பக்தன் ஐயா, நான்-டாக்குமென்ட் முறையில் ஆய்வேடு எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? வரி தானாக மடங்காது. அது நிரல் எழுதுவதற்கான முறை. பத்தி பத்தியாக எழுதுகிறவருக்கு அதைச் சொல்வது தீர்வே இல்லை.

எனக்கு, பிற மொழிச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது போடும் ஒலிபெயர்ப்புக் குறிகள்தான் தலைவலி. நெடிலுக்கு மேலே கோடு, சில மெய்களுக்குக் கீழே புள்ளி. திரையில் எதுவும் தெரியாது. வேர்ட்ஸ்டாரில் கண்ட்ரோல் பி, பிறகு ஹெச் விசைகளை அழுத்த வேண்டும். அச்செடுக்கும்போது அச்சுத்தலை ஓர் எழுத்து பின்வாங்கி, அதன் மேலேயே குறியை அடிக்கும். சரியாக விழுந்ததா என்பது தாளில்தான் தெரியும். பெரிய எழுத்து என்றால் கோடு அதன் உடலைக் குறுக்கே வெட்டிவிடும். சமர்ப்பிக்கும் முந்தைய இரவு என் நெறியாளர் தாமே பேனாவை எடுத்து உட்கார்ந்தார். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு, "கையெழுத்துப் பிரதியாகவே கொடுத்திருக்கலாமே அம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

களப்பணி:
புது பிளாப்பி யோசனை சரிதான். அதை அன்றைக்குக் கணினி மையத்தில் ஒருவராவது சொல்லியிருக்க வேண்டும். நண்பர் அதற்குப் பிறகு எந்தக் கருத்தரங்குக்கும் அச்செடுத்த தாள் இல்லாமல் போனதில்லை.