ஜார்ஜ் ரயனின் 167 கையெழுத்துகள்: மனசாட்சியா, திசைதிருப்பலா?

கரிசல்காடு:
அமெரிக்காவின் இல்லினாய் மாநில முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் ரயன் 2025 மே மாதம் 91 வயதில் காலமானதிலிருந்து அவரை மகானாக்கி எழுதுகிறார்கள். 2003 ஜனவரியில், பதவி முடிய இரண்டு நாள் இருக்கையில், 167 பேரின் மரண தண்டனையைக் குறைத்தார். சரி. ஆளுநராகும் முன் எட்டு ஆண்டு, ஓட்டுநர் உரிமம் வழங்கும் மாநிலச் செயலாளராக இருந்தாரே, அப்போது லாரி ஓட்டுநர் உரிமத்தை லஞ்சத்துக்கு விற்றது யார் அலுவலகம்? 1994இல் மில்வாக்கி நெடுஞ்சாலையில் ஒரு லாரியிலிருந்து இரும்புத் துண்டு கழன்று விழுந்து, பின்னால் வந்த வேனின் பெட்ரோல் டாங்கைக் கிழித்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேர் தீயில் போய்விட்டார்கள். மற்ற ஓட்டுநர்கள் ரேடியோவில் எச்சரித்தும் லாரிக்காரருக்கு ஆங்கிலம் விளங்கவில்லை. அவருக்கு உரிமம் கிடைத்தது லஞ்சத்தில். வசூலான பணத்தில் ஒரு பங்கு ரயனின் தேர்தல் நிதிக்குப் போனது.

நளினி:
அதற்குத்தான் 2006இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி ஐந்து ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தாரே ஐயா. நான் பேசுவது வேறு. 1977இல் சட்டமன்றத்தில் மரண தண்டனைக்கு ஓட்டுப் போட்டவர் அவர். ஆளுநராகி இரண்டு மாதம் கடந்ததும், 1999 மார்ச்சில், ஒருவருக்கு விஷ ஊசி போட அனுமதித்தார். ஆனால் 12 பேரைக் கொன்ற அதே மாநிலம் 13 பேரைத் தண்டனை தவறென்று விடுவித்திருந்தது. இதைப் பார்த்துத்தான் 2000 ஜனவரியில் எல்லா மரண தண்டனைகளையும் நிறுத்திவைத்தார். மரண தண்டனையை ஆதரிக்கும் குடியரசுக் கட்சிக்காரர் அப்போது இதைச் செய்வது லேசா?

கரிசல்காடு:
உரிம ஊழல் விசாரணை 1998லேயே வெளியே வந்துவிட்டதம்மா. கழுத்துக்குக் கத்தி வந்தபின் பிறந்த கருணை. அதையும் வழக்கு வழக்காகப் பிரிக்காமல் மொத்தமாகக் குறைத்தார். கொலைகாரரிடம் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு என்ன பதில்?

தாமிரபரணி:
மொத்தமாகக் குறைத்ததில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் முந்தின நாள் நால்வருக்கு முழு மன்னிப்பு தந்தார். சிகாகோ காவல் அதிகாரி ஜான் பர்ஜின் ஆட்கள் சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலத்தில் சிக்கியவர்கள் அவர்கள். அதை யாராவது செய்தே ஆக வேண்டும்.

நளினி:
ஓட்டுக்காக என்றால், 2001லேயே மறுபடி நிற்கமாட்டேன் என்று ஏன் சொன்னார்? வழக்கிலிருந்தும் தப்பவில்லை. அவர் நிறுத்திவைத்ததை அடுத்தடுத்த ஆளுநர்களும் நீக்கவில்லை. 2011இல் ஆளுநர் பேட் குவின் கையெழுத்தில் இல்லினாயில் மரண தண்டனையே ஒழிந்தது.

கரிசல்காடு:
ஒழிந்தது நல்லதுதான், அதில் சண்டையில்லை. அவர் அலுவலகத்திலேயே உரிம முறைகேட்டைத் தோண்டியவர்களை முடக்கினார்களே, அதையும் அஞ்சலியில் எழுதுங்கள் என்கிறேன்.