பாலைவன மரங்களைப் பார்க்க 12 நாள்: எங்கே போவது?

மணல்தேடி:

வணக்கம். மரம் பார்ப்பதற்கென்றே ஒரு பயணம் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மழைக்காடு இல்லை, பாலைவன மரங்கள். வெள்ளைத் தரையில் கரிக்கட்டை மாதிரி நிற்கும் நமீபியாவின் டெட்வ்லெய் மரங்களை ஒரு படத்தில் பார்த்தேன், அது ஓவியம் என்றே நினைத்திருந்தேன், நிஜமான இடம் என்று தெரிந்த நாளிலிருந்து வேறு எதுவும் ஓடவில்லை. அப்புறம் தேடத் தேடப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஏமனின் சொகோத்ரா தீவில் உள்ள டிராகன் மரம், மெக்சிகோவில் தலைகீழாக நட்ட கேரட் போல நிற்கும் பூஜம், ஜோஷுவா மரம், பஹ்ரைனில் தன்னந்தனியாக நிற்கும் அந்த ஒற்றை மரம் என்று எல்லாமே பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

கையில் இருப்பது 12 நாள். அம்மாவும் உடன் வருகிறார், 64 வயது, அவசரப்படுத்தாமல் விட்டால் நன்றாக நடப்பார். எனக்குக் கார் ஓட்டிப் பழக்கம் உண்டு, மணலில் ஓட்டியதில்லை. நமீபியாவையும் சொகோத்ராவையும் ஒரே பயணத்தில் சேர்க்க முடியுமா? எந்த மாதம் நல்லது? இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அவ்வளவு தூரம் போய் நின்றபிறகு "படத்தில் பார்த்ததுதானே" என்று தோன்றிவிடுமோ என்று ஒரு பயம். போய் வந்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

கல்லும்கற்றாழையும்:

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில். தோன்றாது. ஆனால் காலை 10 மணிக்குப் போய் 20 நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினால் தோன்றும். நான் இரண்டு முறை நமீபியா போயிருக்கிறேன், முதல் முறை அந்தத் தப்பைத்தான் செய்தேன்.

இரண்டையும் சேர்க்காதீர்கள். தூரம் ஒரு பக்கம் இருக்கட்டும், பருவமே ஒத்துவராது. நமீபியாவுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம், அங்கே அது குளிர்காலம். பகலில் நடக்க இதமாக இருக்கும், இரவில் நல்ல குளிர், அம்மாவுக்குக் கம்பளி கட்டாயம். சொகோத்ராவில் அதே மாதங்களில்தான் தென்மேற்குப் பருவக்காற்று வெறிபிடித்து வீசும்.

நமீபியா என்றதும் எல்லோரும் டெட்வ்லெய்க்கு ஓடுகிறார்கள். நான் சொல்வது தெற்கே கீட்மன்ஸ்ஹூப் பக்கம் இருக்கும் க்விவர் மரக்காடு. தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து அந்த ஊர்வரை ஏறத்தாழ 500 கிலோமீட்டர், முழுக்கத் தார் சாலை. ஊரிலிருந்து 14 கிலோமீட்டரில் ஒரு பண்ணை நிலத்துக்குள் கறுத்த பாறைக் குவியல்களுக்கு நடுவே ஏறத்தாழ 250 மரங்கள். 1995-இல் தேசியச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். மரம் என்கிறோமே தவிர, அது உண்மையில் கற்றாழைக் குடும்பம். சோற்றுக்கற்றாழை 7 மீட்டர் உயரத்துக்கு வளர்ந்து, அடிமரம் பருத்து, கிளை கிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு கற்றாழைக் கொத்தை வைத்துக்கொண்டு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள சான் பழங்குடி மக்கள் இதன் கிளையைக் குடைந்து அம்பறாத்தூணி செய்தார்கள், ஆங்கிலத்தில் அதுதான் க்விவர், பெயர் அப்படி வந்ததுதான்.

காட்டை ஒட்டியே தங்கும் இடம் இருக்கிறது, அங்கேயே தங்குங்கள். மாலையில் பக்கத்தில் போய் அடிமரத்தைப் பாருங்கள். பட்டை பொன்னிறத்தில் தகடு தகடாக வெடித்து, மெழுகு பூசியதுபோல் மின்னும், ஆனால் அந்தத் தகடுகளின் விளிம்பு பிளேடு மாதிரி, கை வைத்துவிடாதீர்கள். மேலே கிளைகளில் வெள்ளையாக ஒரு பொடி படிந்திருக்கும், வெயிலைத் திருப்பியடிக்க மரம் தானே பூசிக்கொண்டது அது. சில கிளைகள் துண்டித்ததுபோல் மொட்டையாக முடிந்திருப்பதைப் பார்த்து யாரோ வெட்டிவிட்டார்கள் என்று நான் கோபப்பட்டேன், அப்புறம்தான் தெரிந்தது, வறட்சி கடுமையானால் நீரைக் காப்பாற்றிக்கொள்ள மரமே தன் கிளையைக் கழற்றி விட்டுவிடுமாம். விழுந்து கிடந்த ஒரு காய்ந்த மரத்தின் உள்ளே எட்டிப் பார்த்தேன், தேன்கூடு போல அத்தனையும் ஓட்டை, கடற்பஞ்சு மாதிரி நார். அப்படிப்பட்ட பெரிய அடிமரங்களைக் குடைந்து, தண்ணீரும் இறைச்சியும் கெடாமல் வைக்கும் குளிர்பெட்டியாக அங்கே பயன்படுத்தியிருக்கிறார்கள். ஓட்டைகள் வழியே காற்று புகுந்து உள்ளே குளிர்ச்சியாகவே இருக்குமாம்.

இரவில் தயவுசெய்து சீக்கிரம் படுத்துவிடாதீர்கள். ஜூன், ஜூலையில் பால்வீதியின் அடர்ந்த நடுப்பகுதி அங்கே தலைக்கு நேர் மேலே வருகிறது. டார்ச்சை அணைத்துவிட்டுக் கண் பழகும்வரை ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தால், வானத்தில் நட்சத்திரம் இல்லாத இடமெல்லாம் மரத்தின் உருவமாகத் தெரியும். நான் பார்த்ததிலேயே பெரிய விஷயம் அதுதான்.

டெட்வ்லெய்க்கு ஒரே ஒரு சூட்சுமம். அது இருக்கும் தேசியப் பூங்காவின் செஸ்ரியம் வாசலில், பூங்காவுக்கு உள்ளேயே தங்குங்கள். உள்ளே தங்குபவர்களுக்குச் சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வழி திறப்பார்கள், வெளியே தங்கினால் உதயத்துக்குப் பிறகுதான். அங்கிருந்து 60 கிலோமீட்டர் தார் சாலை, கடைசி 5 கிலோமீட்டர் ஆழமான மணல். மணலில் ஓட்டியதில்லை என்கிறீர்கள், அந்த 5 கிலோமீட்டருக்கு அங்கே ஓடும் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள், புதைந்து நிற்கும் கார்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அப்புறம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் மணலில் நடை. சீக்கிரம் போய்விட்டால், பின்னால் உள்ள மணல்மேட்டில் வெயில் பட்டு ஆரஞ்சாக எரியும், வெள்ளைத் தரை மட்டும் இன்னும் நிழலில் நீலமாகக் கிடக்கும். நீங்கள் ஓவியம் என்று நினைத்த படம் அந்தச் சில நிமிடங்களில் எடுத்ததாகத்தான் இருக்கும்.

அந்த மரங்கள் நம் கருவேலத்துக்குச் சொந்தம், ஒட்டகமுள் என்பார்கள். சௌசாப் ஆற்று வெள்ளம் ஒரு காலத்தில் அதுவரை வந்துகொண்டிருந்தது, மணல்மேடுகள் நகர்ந்து வழியை அடைத்துவிட்டன, மரங்கள் செத்தன. செத்து 600, 700 ஆண்டு ஆகிறது என்கிறார்கள். மக்குவதற்குக்கூட ஈரம் இல்லாததால் நின்றபடியே இருக்கின்றன.

தெற்குக்காற்று:

மேலே சொன்னவர் சரியாகச் சொல்லியிருக்கிறார், இரண்டையும் சேர்க்க முடியாது. நான் சொகோத்ரா போய் வந்தவள் என்பதால் அந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

போக நல்ல காலம் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. தனியாகப் போய் இறங்க முடியாது, அங்குள்ள ஏற்பாட்டாளர் மூலம்தான் விசா. விமானங்கள் எண்ணிக்கையில் குறைவு, அட்டவணை அடிக்கடி மாறும். தீவு ஏமனைச் சேர்ந்தது, பல நாட்டு அரசுகள் ஏமனுக்குப் போகாதீர்கள் என்று எச்சரித்திருக்கின்றன, அந்த எச்சரிக்கை இருக்கும்வரை பயணக் காப்பீடு பெரும்பாலும் செல்லாது. பெரும்பாலான இரவுகள் கூடாரத்தில். 12 நாளில் திரும்பியே ஆக வேண்டும், அம்மாவும் உடன் வருகிறார் என்றால் முதல் பயணமாக இதை நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் வாழ்நாளில் ஒரு முறை போங்கள். டிக்ஸம் மேட்டுநிலத்தைத் தாண்டி ஃபிர்மிஹின் என்று ஒரு இடம், அங்கே டிராகன் மரங்கள் காடாகவே நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் காற்றில் மேல்நோக்கி மடங்கிப்போன குடைகள். கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் உள்ளே கிளைகள் இரண்டிரண்டாகப் பிரிந்து பிரிந்து போகும் கணக்கு தெரியும். அந்தக் குடை வெறும் அழகுக்கு இல்லை. மூடுபனியின் ஈரத்தை இலைகள் பிடித்து அடிமரம் வழியாக வேருக்கு இறக்குகின்றன, அடியில் நிழலும் விழுவதால் ஈரம் சட்டென்று காய்வதில்லை. பட்டையில் கீறல் பட்ட இடத்தில் பிசின் வடிந்து உறைந்திருந்தது, காய்ந்த ரத்தத் துளியேதான்.

எனக்கு மனதை அறுத்த விஷயம் ஒன்று. அந்தக் காட்டில் இளங்கன்று கண்ணில் படவே இல்லை. எல்லாம் கிழடுகள். முளைத்து வருவதை ஆடுகள் மேய்ந்துவிடுகின்றன. 2015 நவம்பரில் சபாலா, மேக் என்று அடுத்தடுத்து இரண்டு புயல்கள் அடித்ததில் ஏராளமான பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்தன, சாய்ந்தவை இன்னும் அப்படியே கிடக்கின்றன. வேலிக்குள் கன்று வளர்க்கும் ஒரு சிறு நாற்றங்காலுக்குப் போனோம். பல வருடம் ஆன செடி ஒரு சாண் உயரம்கூட இல்லை. அதன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தது எனக்குக் காட்டைவிட நன்றாக நினைவிருக்கிறது.

பிப்ரவரி, மார்ச்சில் போனால் பாலை ரோஜா பூத்திருக்கும், பாறைமேல் வைத்த ஊதிப்போன பானை போன்ற அடிமரம், உச்சியில் இளஞ்சிவப்புப் பூ. வெள்ளரிக் குடும்பத்திலேயே மரமாக வளரும் ஒரே இனமும் அந்தத் தீவில்தான் இருக்கிறது, கேட்டால் காட்டுவார்கள்.

மணல்தேடி:

இரண்டு பேருக்கும் நன்றி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், கிளையைத் தானே கழற்றும் மரத்தைப் பற்றி இரண்டு முறை கேட்டார். அப்படியென்றால் நமீபியா, ஜூன் கடைசி. கீட்மன்ஸ்ஹூப்பில் 2 இரவு, செஸ்ரியத்தில் 3 இரவு என்று யோசிக்கிறேன். மீதி நாட்களுக்கு என்ன செய்யலாம்? சரளைச் சாலை ரொம்ப மோசமா?

வேர்வரை:

மீதி நாட்களுக்குக் கடற்கரை ஊரான ஸ்வகோப்முண்ட் போங்கள், வெல்விட்சியா என்ற செடியைப் பார்க்க. மரம் என்று மனம் ஒப்பாது, தரையோடு தரையாகக் கிழிந்த துணிமூட்டை மாதிரிக் கிடக்கும். ஆனால் வாழ்நாள் முழுக்க அதற்கு இரண்டே இலைதான். அந்த இரண்டும் அடியிலிருந்து வளர்ந்துகொண்டே வரும், நுனி வெயிலிலும் காற்றிலும் கிழிந்து நாராகும். ஆயிரம் ஆண்டைத் தாண்டிய செடிகள் உண்டு. குனிந்து இலை புறப்படும் இடத்தைப் பாருங்கள், அங்கே பச்சையாக, தோல் வார் போல உறுதியாக இருக்கும், ஒரு மீட்டர் தள்ளி அதே இலை சருகு. ஒரே இலையில் இளமையும் முதுமையும் இப்படி அடுத்தடுத்து இருந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்தச் செடிகள் இருக்கும் பாதையில் போக அனுமதிச் சீட்டு வேண்டும், ஸ்வகோப்முண்டிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இந்தச் செடிகளின் வேர்கள் மண்ணில் மேலோட்டமாகவே பரவியிருக்கும், நெருங்கி மிதிக்காதீர்கள். படத்துக்காகப் பாதையை விட்டு வண்டியை இறக்காதீர்கள். அந்தச் சரளை வெளியில் தரையோடு பாசிக்காளான் படர்ந்திருக்கும், ஒரு தடவை டயர் ஏறினால் தடம் பல பத்தாண்டுகள் அழியாது. டெட்வ்லெய்யிலும் மரத்தில் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒடிந்தால் மறுபடி முளைக்க அதற்கு உயிர் இல்லை.

தனி மரம் என்றால் எனக்கு எப்போதும் நைஜரின் டெனேரே மரம்தான் ஞாபகம் வரும். சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வேறு மரமே இல்லை. பக்கத்தில் கிணறு தோண்டியபோது அதன் வேர் 30 மீட்டருக்கும் கீழே நீர்மட்டம்வரை போயிருந்ததைப் பார்த்தார்கள். 1973-இல் ஒரு லாரி மோதிச் சாய்த்துவிட்டது. அத்தனை வெட்டவெளியில். மிச்சம் இருப்பது நியாமே அருங்காட்சியகத்தில் ஒரு கட்டை. நீங்கள் சொன்ன பஹ்ரைன் மரத்துக்கு இப்போது சுற்றிலும் வேலி போட்டுவிட்டார்கள், நல்ல வேளை. அது வேறொன்றும் இல்லை, நமக்குத் தெரிந்த வன்னிதான், வயது 400-ஐ ஒட்டி.

கல்லும்கற்றாழையும்:

சரளைச் சாலை மோசம் இல்லை, வேகம்தான் மோசம். 80-ஐத் தாண்டாதீர்கள், திருப்பங்களில் இன்னும் குறையுங்கள். வண்டி எடுக்கும்போதே இரண்டு ஸ்டெப்னி கேட்டு வாங்குங்கள், இரண்டிலும் காற்று இருக்கிறதா, ஜாக்கி வேலை செய்கிறதா என்று அங்கேயே இறக்கிப் பாருங்கள். எனக்குக் கொடுத்த வண்டியில் ஜாக்கியின் கைப்பிடியே இல்லை, அது பஞ்சர் ஆன பிறகுதான் தெரிந்தது, அடுத்த வண்டி வர இரண்டு மணி நேரம் ஆனது. பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டால் பாதி டேங்க் இருந்தாலும் நிரப்புங்கள். இருட்டிய பிறகு ஓட்டவே கூடாது, மான் குறுக்கே பாயும்.

கீட்மன்ஸ்ஹூப்பிலிருந்து செஸ்ரியத்துக்கு ஒரே நாளில் போகாதீர்கள், நடுவில் ஒரு இரவு தங்குங்கள், அம்மாவுக்கு மட்டும் இல்லை, ஓட்டும் உங்களுக்கும் அது தேவை. அப்புறம் செஸ்ரியம் 3, ஸ்வகோப்முண்ட் 3, அங்கிருந்து விண்ட்ஹூக் தார் சாலையில் ஒரு பகல். கீட்மன்ஸ்ஹூப்பின் 2 இரவையும் சேர்த்தால் 12 நாளுக்கு இது சரியாக வரும். வேறு எதையும் நுழைக்காதீர்கள்.

மணல்தேடி:

நடுவில் ஒரு இரவு, சேர்த்துவிட்டேன். கடைசியாக ஒன்று, அம்மா கேட்கச் சொன்னார். ஜூன் கடைசியில் க்விவர் மரம் பூத்திருக்குமா?

கல்லும்கற்றாழையும்:

ஜூன், ஜூலைதான் பூக்கும் காலம். நல்ல மஞ்சள், கிளை நுனியில் கொத்தாக. காலையில் தேன்சிட்டுகள் வரும், அவை வரும் மரத்தைத் தேடி அதன் கீழே அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி போட்டுக் கொடுங்கள்.