பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு: பிரித்துக் கட்டுவதா, மாற்றுவதா?

படகின் பின்பக்கம் மாட்டும் இன்ஜின் (அவுட்போர்டு): 2003 மாடல், 40 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், கார்புரேட்டர். 15 அடி ஃபைபர் படகு. சிங்கப்பூரில் சாங்கி, உபின் தீவுப் பக்கம்தான் ஓட்டம். தீபாவளிக்குப் பிறகு திராட்டலை முழுக்கத் திறந்தாலும் படகு நீர்மேல் எழும்பி வேகமெடுப்பதில்லை.

பிளக், இம்பெல்லர், தெர்மோஸ்டாட் எல்லாம் புதுசு. கார்புரேட்டர் கழுவியாச்சு. பயனில்லை. இன்ஜின் சூட்டில் கம்ப்ரெஷன் (சிலிண்டர் அழுத்தம்) மேல் சிலிண்டரில் 115 பிஎஸ்ஐ, கீழே 80. கீழே ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் 105க்கு ஏறுகிறது; ஆக பிஸ்டன் ரிங்கோ போரோ (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது, ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் மூடியின் அடைப்பு) அல்ல. கியர் எண்ணெய் வேறு பால் நிறத்தில், அதாவது தண்ணீர் புகுந்திருக்கிறது.

0.5 மி.மீ. ஓவர்சைஸ் போரிங் (சிலிண்டரைப் பெரிதாகக் குடைவது), பிஸ்டன், ரிங், பேரிங், சீல் சேர்த்து 2,600 வெள்ளி கேட்கிறார்கள். உப்பேறிய எக்ஸாஸ்ட் கவர் போல்ட் முறிந்தால் தனிக்காசு. ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் எடை கூடும், அதைத் தாங்கும் டிரான்சம் (படகின் பின்பலகை) பழசு.

பிளாக்கில் குளிர்நீர் ஓடும் வழி எந்த அளவு அரித்திருந்தால் போரிங்கைக் கைவிட்டுப் புது இன்ஜினுக்குப் போவீர்கள்?